முத்துலட்சுமி அம்மாவின் மனசு

நம்ம குழுவில் மகப்பேறு நிதியுதவி வாங்காத வீடு குறைவு. அந்தத் திட்டத்துக்குப் பேர் கொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைப் பத்தி எழுதுகிறேன்.

1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். அம்மா சந்திரம்மாள் தேவதாசி குலம். வயசுக்கு வந்ததும் பள்ளிக்கூடம் நின்னுது. வீட்டிலேயே படிச்சு மெட்ரிக் பாஸ் பண்ணினார். ஆண்கள் கல்லூரியில் சேர எதிர்ப்பு. மகாராஜா அனுமதி கொடுத்தும், திரை போட்ட வண்டியில்தான் போய் வரணும். அந்த வயசில் ஊர்ப்பேச்சு எப்படிக் குத்தும்னு பொம்பளைப் பிள்ளை வச்சிருக்கிற நமக்குத் தெரியும்.

1912-ல் டாக்டர் ஆனார். கல்யாணமே வேண்டாம்னு இருந்தவர், 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியைக் கட்டினார், அதுவும் சமமா நடத்தணும், தன் விருப்பத்துக்குக் குறுக்கே நிக்கக் கூடாதுன்னு நிபந்தனை போட்டு. எனக்கு இந்த இடம்தான் ரொம்பப் பிடிச்சது. திரைக்குப் பின்னால போன பிள்ளைக்கு எங்கிருந்து வந்தது அந்தத் தைரியம்!

நாற்பது வயசில் சட்டசபைக்குப் போனார். அம்மா பிறந்த குலத்தை மறைக்கத்தான் யாருக்கும் தோணும். இவரோ பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கணும்னு சபையிலேயே எழுந்து நின்னார். முழுச் சட்டம் வர 1947 ஆச்சு. அதுக்குள்ள, தன் வீட்டு வாசலுக்கு வந்த பெண்பிள்ளைகளைத் தங்க வச்சு அவ்வை இல்லத்தைத் தொடங்கிட்டார்.

தங்கச்சி சின்ன வயசில் புற்றுநோயில் செத்துப்போன துக்கம் மட்டும் ஆறலை. முப்பது வருஷம் அதை மனசில் சுமந்தார். நாமெல்லாம் பேரப்பிள்ளையோட உட்காரும் வயசில், 1954-ல், அடையாறில் 12 படுக்கையோட புற்றுநோய் மருத்துவமனை திறந்தார். 1968-ல் காலமானார். அங்கே இன்னைக்கும் வைத்தியம் நடக்குது.