எருக்குழியை ஆராய்ந்த சேர் அல்பேர்ட் ஹவார்ட்

மாத்தளை மாவட்டத்துத் தோட்டப்புறங்களில் லயத்துக்குப் பின்னே ஒரு மாட்டுக் கொட்டிலும், கொட்டிலுக்குப் பின்னே ஒரு சாணிக் குவியலும் இருப்பது பழகிய காட்சி. பாலைக் கறந்து விற்பவர் அந்தக் குவியலை மரக்கறித் தோட்டத்துக்கு உரியதென்று ஒதுக்கி வைப்பார். அல்லது மழையிற் கரைந்து கானுக்குள் ஓட விட்டுவிடுவார். எவ்வாறாயினும் அதைப் பற்றி ஓர் அறிஞர் தம் வாழ்நாளிற் பெரும்பகுதியைச் செலவிட்டிருப்பார் என்று யாரும் எண்ணுவதில்லை. அத்தகைய அறிஞர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் சேர் அல்பேர்ட் ஹவார்ட்.

அவர் காலத்திற் சாணத்தைப் பற்றிய கேள்வி நிலத்தின் வளத்தைப் பற்றியதாகவே இருந்தது. இன்று அதனோடு வானத்தைப் பற்றிய கேள்வியும் சேர்ந்துகொண்டது. காற்றுப் புகாத ஈரக் குவியலிற் சாணம் அழுகும்போது மெதேன் என்னும் வாயு எழுகின்றது. நூறாண்டுக் கணக்கில் நோக்கினால் ஒரு கிலோ மெதேன், ஒரு கிலோ காபனீரொட்சைட்டைப் போல ஏறத்தாழ 27 மடங்கு வெப்பத்தை உலகிலே தேக்கி வைக்கும். கால்நடைகளால் உண்டாகும் மெதேனிற் பெரும்பங்கு அசைபோடும் விலங்கின் வயிற்றிற் பிறந்து வாய்வழியே வெளிவருவது. எருவிலிருந்து எழுவது அதனிலும் குறைந்ததே. ஆனால் மாட்டின் வயிற்றைத் திருத்துவது அரிது. எருக்குழியைத் திருத்துவது மனிதன் கையில் உள்ளது. ஹவார்ட் திருத்தியது அந்தக் குழியைத்தான்.

இங்கிலாந்தின் சுரொப்சயர் மாகாணத்திலே, பிசப்ஸ் காசில் என்னும் சிற்றூரில், 1873-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள் ஒரு கமக்காரர் வீட்டில் அவர் பிறந்தார். இலண்டனிலும் பின்னர் கேம்பிரிட்ஜிலும் பயின்றார். அந்நாளிற் கேம்பிரிட்ஜிலே தாவரவியற் பேராசிரியராய் இருந்தவர் மார்சல் வார்ட். இப்பெயர் இலங்கையர்க்கு அந்நியமானதன்று. 1869 முதல் இலங்கையின் கோப்பித் தோட்டங்களை அழித்த இலைத்துரு நோயை ஆராய 1880-இல் இங்கு வந்து இரண்டாண்டு தங்கியவர் அவரே. மன்னார்க் கரையிலிருந்து காட்டு வழியே நடந்து, தம்புள்ளை கடந்து, மாத்தளையை மலைநாட்டின் வாயிலாகக் கொண்டு வந்து சேர்ந்த நம் முன்னோர் நட்டுப் பேணிய கோப்பி, அந்நோயினால்தான் மாண்டது. நோய்க்குக் காரணம் ஒரு பங்கசு என்பதை வார்ட் தெளிவுபடுத்தினார். கோப்பியைக் காப்பாற்ற அவராலும் இயலவில்லை.

ஹவார்டும் பங்கசியல் நிபுணராகவே தம் தொழிலைத் தொடங்கினார். 1899-இல் மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்று கரும்பின் நோய்களை ஆராய்ந்தார். அங்கேதான் அவர் மனத்தில் ஓர் உறுத்தல் பிறந்தது. கமக்காரனுக்கு அறிவுரை கூறும் தமக்குச் சொந்தமாகப் பயிரிட ஒரு துண்டு நிலமும் இல்லையே என்பதே அது. நோயுற்ற இலையை ஆய்வுகூடத்திற் பார்ப்பவன் நோயற்ற வயலை எங்கே காண்பான்? இந்த எண்ணம் அவரை இறுதிவரை விடவில்லை.

1905-ஆம் ஆண்டு இந்திய அரசாங்கம் அவரைப் பீகாரிலுள்ள பூசா ஆராய்ச்சி நிலையத்துக்குத் தாவரவியல் அறிஞராக அழைத்தது. அவ்வாண்டிலேயே கபிரியேல் மத்தேயி என்னும் அம்மையாரை மணந்தார். அம்மையார் கணவரின் நிழலில் நின்றவர் அல்லர். இலைகளின் ஒளித்தொகுப்பைக் கேம்பிரிட்ஜில் ஆராய்ந்து, மணத்துக்கு முன்பே பெயர் பெற்றவர். பூசாவிற் புகழ்பெற்ற கோதுமை வகைகளை இருவரும் சேர்ந்தே உருவாக்கினர். நூல்களிலும் கட்டுரைகளிலும் இருவர் பெயரும் இணைந்தே நிற்கின்றன. பிற்காலத்தார் ஒருவரை மட்டும் நினைவிற் கொண்டது அறிவியல் வரலாற்றில் அடிக்கடி நிகழும் அநீதி.

பூசாவைச் சுற்றியிருந்த குடியானவர்களின் பயிர்களில் நோய் குறைவாக இருப்பதை ஹவார்ட் கண்டார். அவர்களிடம் மருந்தும் இல்லை, விலை கொடுத்து வாங்கிய பசளையும் இல்லை. ஆளும் இனத்தைச் சேர்ந்த உத்தியோகத்தர் ஒருவர் அக்காலத்தில் இதைக் கண்டு என்ன செய்திருப்பார் என்பதை ஊகிக்கலாம். ஹவார்டோ அவர்களையும் பூச்சிகளையுமே தம் ஆசிரியர்களாகக் கொண்டார். பின்பு, தாம் விளைவித்த தீவனத்தை உண்டு வளர்ந்த தம் எருதுகள், அயலிலே கோமாரி கண்ட மாடுகளுடன் மூக்கோடு மூக்கு உரசியும் நோய்ப்படாததைக் கண்டார். இதிலிருந்து அவர் எடுத்த முடிவுகள் சில, சான்று தாங்கும் அளவைக் கடந்தவை என்றே கூறவேண்டும். வளமான மண்ணில் விளைந்ததை உண்டால் எல்லா நோயும் விலகும் என்பதை உடன்காலத்து அறிஞர் பலர் ஒப்பவில்லை, இன்றும் ஒப்புவதற்கில்லை. ஆனால் எருக்குழியைப் பற்றி அவர் கண்டது வேறு. அது சோதனையிலே நிலைத்தது.

1924-இல் மத்திய இந்தியாவின் இந்தூரில் பயிர்த்தொழில் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றை அவர் அமைத்தார். யசுவந்த் வாட் என்னும் இந்திய இரசாயன அறிஞர் அங்கே அவருக்குத் துணைநின்றார். இருவரும் வகுத்த முறைக்கு இந்தூர் முறை என்பது பெயர். முப்பதடி நீளமும் பதினான்கடி அகலமும் கொண்ட ஆழமில்லாக் குழியிலே, பருத்தித் தண்டு, களை, சருகு, வைக்கோல் முதலியவற்றைப் பரப்பி, அதன்மேற் சாணமும், கோமூத்திரம் ஊறிய தொழுவத்து மண்ணும், சாம்பலும் தூவி, நீர் தெளித்து அடுக்கடுக்காக இடுவர். பதினாறாம் நாள் ஒருமுறை, ஒரு மாதத்தில் ஒருமுறை, இரண்டாம் மாதத்தில் ஒருமுறை என மூன்று முறை புரட்டுவர். மூன்று மாதத்திற் கறுத்துப் பொருபொருவென்ற கூட்டெரு கைக்கு வரும்.

இதில் உயிர்நாடி புரட்டுதலே. காற்று உள்ளே சென்றால் ஒட்சிசனை நாடும் நுண்ணங்கிகள் பெருகும். குவியல் கைபொறாச் சூடு கொள்ளும். துர்நாற்றம் இராது, ஈயும் மொய்க்காது. நீர் தேங்கிக் காற்று அடைபட்டாலோ வேறொரு கூட்டம் ஆட்சிக்கு வரும். அதன் வேலையே அழுகலும் மெதேனும். ஆகவே மழைக்காலத்திற் குழியைக் கைவிட்டு நிலத்தின்மேல் குவியலாகக் கட்டுமாறு ஹவார்ட் விதித்தார். இரண்டு பருவமழையையும் ஏற்கும் நம் மலைச்சாரலுக்கு இவ்விதி எவ்வளவு பொருந்தும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. சாணத்தைத் தனியே குவிக்காது, நைதரசன் குறைந்த சருகையும் தண்டையும் மிகுதியாகக் கலக்கவேண்டும் என்பது அவருடைய மற்றொரு விதி. நைதரசன் வீணே பறந்துபோவதைத் தடுப்பதே அவர் நோக்கம். பறப்பவற்றுள் நைதரசு ஒட்சைட்டும் ஒன்று. வெப்பத்தைத் தேக்குவதில் அது காபனீரொட்சைட்டினும் ஏறத்தாழ 273 மடங்கு வலியது. நன்கு செய்த கூட்டெருவும் இவ்வாயுவைச் சிறிது வெளிவிடவே செய்யும். ஆயினும் நீர்த்த சாணத்தைக் குட்டைபோலத் தேக்கி வைக்கும் மேலைநாட்டுப் பெரும்பண்ணை முறையோடு ஒப்பிட்டால், காற்றூட்டிய குவியல் வெளிவிடும் மெதேன் மிகக் குறைவு. ஹவார்டுக்கு இக்கணக்கொன்றும் தெரியாது. மண்ணுக்காக அவர் வகுத்த விதி வானுக்கும் உதவுகின்றது.

அவர் ஒருவகையில் நேர்மாறான வழியையும் காலம் கண்டது. காற்றை அடியோடு விலக்கி, எழும் மெதேனைப் பிடித்து அடுப்பெரிப்பதே அது. பூசா நிலையம் 1934-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தாற் சிதைந்து தில்லிக்கு மாற்றப்பட்டபின், அங்கேதான் 1939-இல் எஸ். வி. தேசாய் என்பவர் சாணவாயுச் சோதனைகளை நடத்தினார். தப்பவிடாது பிடித்து எரித்தால் மெதேன் அடுப்புக்கு நெருப்பாகும்; எஞ்சும் குழம்பு பயிருக்குப் பசளையாகும். இரண்டு வழிகளுக்கும் இடையிலே, திறந்த குழியிற் சாணம் நீரில் மிதந்து அழுகுவதுதான் தீயது.

1930-இல் கபிரியேல் அம்மையார் காலமானார். அடுத்த ஆண்டு ஹவார்ட் இந்தியாவை விட்டு நீங்கினார். அவ்வாண்டே வாட்டுடன் சேர்ந்து எழுதிய கழிவுப்பொருள் பற்றிய நூல் வெளிவந்தது. அம்மையாரின் தங்கை லூயிசை மணந்துகொண்டார். 1934-இல் சேர் பட்டம் கிடைத்தது. இந்தூர் முறை கென்யாவின் கோப்பித் தோட்டங்களுக்கும், பின்பு தேயிலைத் தோட்டங்களுக்கும் பரவிற்று. 1937-ஆம் ஆண்டின் இறுதியில் அவர் மீண்டும் கீழ்நாடு வந்து, இந்தியாவிலும் இலங்கையிலும் தேயிலைத் தோட்டங்களைச் சுற்றிப் பார்த்தார். அக்காலத்துத் தோட்டங்களில் களை வெட்டியவரும், சாணி சுமந்தவரும், குழியைப் புரட்டியவரும் தமிழ்த் தொழிலாளரே. தோட்டத் துரைமாரின் பெயர்களை நூல்கள் காத்து வைத்துள்ளன. மண்வெட்டி பிடித்தவர் பெயரை எவரும் குறித்து வைக்கவில்லை.

அந்த மண்வெட்டியை மறந்ததன் விலையை இலங்கை ஒருமுறை கொடுத்தது. 2021-ஆம் ஆண்டு இரசாயனப் பசளை இறக்குமதியை அரசாங்கம் திடீரெனத் தடைசெய்தது. நாடு முழுதும் ஒரே போகத்திற் கூட்டெருவுக்கு மாறவேண்டும் என்றனர். மாடு எங்கே, சருகு எங்கே, புரட்ட ஆள் எங்கே, மூன்று மாத அவகாசம் எங்கே என்று கேட்பார் இலர். நெல்லும் தேயிலையும் வீழ்ந்தன. அவ்வாண்டு நவம்பரிலே தடை தளர்ந்தது. இயற்கை வேளாண்மையின் தந்தையென ஹவார்டைப் போற்றுவோர் பலர் உண்டு. அவர் செயற்கைப் பசளையைக் கடுமையாகக் கண்டித்தவர் என்பதும் உண்மை. ஆனால் கட்டளையால் எரு விளையும் என்று அவர் ஓரிடத்தும் போதித்ததில்லை. குழிக்குரிய பொருளைச் சேர்ப்பதற்கே ஆண்டு முழுதும் உழைத்தவர் அவர். இதற்கு மாறாக, ஆரவாரமின்றி நடந்த முயற்சி ஒன்று மாத்தளையிலேயே உண்டு. 2007-இல் மாநகர சபையும் செவனத என்னும் தொண்டு நிறுவனமும் ஐக்கிய நாடுகள் அமைப்பின் துணையோடு, நகரத்துக் கழிவைத் தரம்பிரித்துக் காற்றூட்டிக் கூட்டெருவாக்கும் நிலையம் ஒன்றைத் தொடங்கின. அங்கே சேர்வது சாணமன்று, நகரத்துக் குப்பை, விதி ஒன்றே.

1940-இல் ஹவார்ட் தம் வேளாண்மைக் கோட்பாடு முழுவதையும் ஒரு நூலாக வெளியிட்டார். போர்க்காலத்துக் காகிதத் தட்டுப்பாட்டினிடையேயும் அது பரவலாகப் படிக்கப்பட்டது. அமெரிக்காவிலும் அவருக்கு மாணாக்கர் தோன்றினர். விஞ்ஞான உலகத்தோடு அவர் தொடுத்த வாதம் ஓயவில்லை. முதுமையில் அவர் சொல் மேலும் கூர்மையடைந்தது, நண்பர் சிலரையும் இழந்தார். 1947-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள், இந்தியா விடுதலை பெற்று இரண்டு மாதங்களுக்குப் பின், இலண்டனில் அவர் உயிர் நீத்தார். 1953-இல் லூயிஸ் அம்மையார், கணவரின் இந்திய வாழ்வைப் பற்றி ஒரு நூல் எழுதி, அதிலே தம் தமக்கையின் உழைப்புக்கும் உரிய இடத்தை வழங்கினார்.