பென்சிலால் எழுதிய மனு

தோட்டத்துத் தோழர்களே, காசும் படிப்பும் இல்லாதவன் கோர்ட்டுப் படி ஏறினால் என்ன கதி? கிளாரன்ஸ் ஏர்ல் கிடியனைக் கேட்டால் தெரியும்.

1910-இல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் பிறந்தவர். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோச்சு. ஊர் ஊராய் அலைந்து பிழைத்தார். திருட்டு வழக்குகளில் சிறைக்கும் போனார். உத்தமர் என்று சொல்லமாட்டேன்.

1961-இல் புளோரிடாவில் ஒரு பில்லியர்ட் கடையை உடைத்துத் திருடினார் என்று பிடித்தார்கள். லாயருக்குக் காசில்லை, கோர்ட்டே வைத்துத் தரவேண்டும் என்று கேட்டார். மரண தண்டனை வழக்குக்கு மட்டும்தான் தரமுடியும் என்று நீதிபதி மறுத்தார். தானே வாதாடித் தோற்றார். ஐந்தாண்டு சிறை.

அங்கே சட்டப் புத்தகம் புரட்டி, உச்ச நீதிமன்றத்துக்குப் பென்சிலால் மனு எழுதினார். 1963 மார்ச் 18-இல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள்: கடுங்குற்ற வழக்கில் சிக்கிய ஏழைக்கு அரசாங்கமே லாயர் தரவேண்டும். மறுவிசாரணையில் லாயர் வந்தார், முக்கிய சாட்சியைக் குறுக்குக் கேள்வியில் மடக்கினார். கிடியன் விடுதலை! 1972-இல் காலமானார்.

மலேசிய அரசியல் சட்டத்தின் 5(3) பிரிவும், கைதானவருக்குக் காரணம் சொல்லவேண்டும், அவர் விரும்பும் லாயரைக் கலந்துபேச விடவேண்டும் என்கிறது. பிடிபட்டால் பயந்துபோய்க் கைநாட்டு வைத்துவிடாதீர்கள். முதலில் லாயரைக் கேளுங்கள்.