நான்கு மாதக் கூலி

நிர்வாகவியல் பயில வந்திருக்கும் நம் சங்க நண்பர்கள் பலர்க்கு, அத்துறையின் வரலாறு அமெரிக்கரான டெய்லரிடமிருந்தே தொடங்குகிறது என்று ஓர் எண்ணம். பாடநூல்கள் அப்படித்தான் தொடங்குகின்றன. ஆனால் டெய்லர் பிறப்பதற்கு ஐம்பத்தாறு ஆண்டுகளுக்கு முன்பே, ஸ்காட்லாந்தின் ஆற்றங்கரையில் இரண்டாயிரம் பேர் வாழ்ந்த ஆலைச் சிற்றூர் ஒன்றின் பொறுப்பை ஒருவர் ஏற்றார். கூட்டுறவு இயக்கத்தின் தந்தை என்று அவரை அறிவோம். சமதருமச் சிந்தனையின் முன்னோடி என்றும் அறிவோம். அவர் அடிப்படையில் ஓர் ஆலை மானேஜர் என்பதை மட்டும் மறந்துவிடுகிறோம். அந்த இராபர்ட் ஓவனை, மானேஜர் என்ற அளவிலேயே இங்கு நோக்க விரும்புகிறேன்.

1771 மே 14-இல் வேல்ஸ் நாட்டின் நியூடவுனில், குதிரைச் சேணம் தைப்பவரின் மகனாகப் பிறந்தார் ஓவன். பத்து வயதில் பள்ளி முடிந்தது. துணிக்கடை வேலை தொடங்கியது. ஸ்டாம்போர்டு, இலண்டன், மான்செஸ்டர் என்று கடை மாறி, ஊர் மாறி வளர்ந்தார். நல்ல துணி எது, போலித் துணி எது என்று விரல் நுனியால் அறியும் திறமை அங்கே வாய்த்தது.

மான்செஸ்டரில் டிரிங்க்வாட்டர் என்ற செல்வர் தம் நூற்பாலைக்கு நிர்வாகி வேண்டும் என்று விளம்பரம் செய்தார். இருபது வயதே ஆன ஓவன் நேரில் சென்று, ஆண்டுக்கு முந்நூறு பவுன் கேட்டார். முதலாளி திகைத்தார், ஆயினும் வேலை கிடைத்தது. ஐந்நூறு பேர் பணிபுரியும் ஆலை. பொறிகளோ நாள்தோறும் மாறிவந்த காலம். ஓவன் என்ன செய்தார்? ஆறு வாரங்கள் எந்தக் கட்டளையும் இடவில்லை. காலையில் முதல் ஆளாய் வந்தார், இரவில் கடைசி ஆளாய்ச் சென்றார். கேட்டவர்க்கு ஆம், இல்லை என்பதற்கு மேல் ஒரு சொல் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் வாழ்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இந்த ஆறு வாரங்கள்தாம். புதிய அதிகாரி வந்த மறுநாளே நாற்காலிகளை இடம் மாற்றும் அலுவலகங்களை நாம் பார்த்திருக்கிறோம் அல்லவா?

1799-இல் ஓவனும் கூட்டாளிகளும் கிளைடு ஆற்றங்கரையிலிருந்த நியூ லானர்க் ஆலைகளை டேவிட் டேல் என்பவரிடமிருந்து அறுபதாயிரம் பவுனுக்கு வாங்கினர். டேலின் மகள் கரோலினை ஓவன் மணந்ததும் அதே ஆண்டில்தான். 1800 சனவரி முதல் நாள் பொறுப்பேற்றார். அங்கே வேலை செய்தவர்களில் பலர் மலைநாட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். உழவும் மேய்ச்சலும் அறிந்த அவர்கள் மணியோசைக்கு எழுந்து மணியோசைக்கு உறங்கப் பழகாதவர்கள். ஆதரவற்றோர் விடுதிகளிலிருந்து அழைத்துவரப்பட்ட சிறுவர் சிறுமியர் மட்டும் நானூறு ஐந்நூறு பேர். குடியும் திருட்டும் மலிந்திருந்தன. வேற்று நாட்டிலிருந்து வந்த இந்தப் புது மானேஜரை ஒருவரும் நம்பவில்லை.

ஓவன் விடுதிப் பிள்ளைகளை வேலைக்கு எடுப்பதை நிறுத்தினார். பத்து வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்ப்பதில்லை என்ற விதியையும் கொண்டுவந்தார். நல்ல சரக்கை மலிவாக விற்கும் கடையைத் திறந்தார். அடி, வசவு கூடாது என்றார். அடிக்குப் பதிலாக அவர் வைத்ததுதான் அந்தப் புகழ்பெற்ற மரக்கட்டை. விரல் நீளமே உள்ள அதன் நான்கு பக்கங்களிலும் கறுப்பு, நீலம், மஞ்சள், வெள்ளை என நான்கு நிறங்கள். ஒவ்வொருவர் அருகிலும் ஒன்று தொங்கும். நேற்றைய நடத்தை மோசமானால் கறுப்பு முன்னே. மிகச் சிறப்பானால் வெள்ளை. நிறங்கள் நாள்தோறும் ஏட்டில் பதிவாயின. பதிவு தவறென்று கருதினால் தொழிலாளி ஓவனிடமே முறையிடலாம். அடியை ஒழித்த முறை என்ற வகையில் இதைப் போற்றலாம். எனினும் எனக்கு இது முழுதும் உடன்பாடில்லை. உணவு கொண்டுவரும் இளைஞனுக்குக் கைபேசியில் நாம் இடும் நட்சத்திரங்களுக்கு இதுதானே பாட்டன்? ஓவனிடமாவது முறையிட ஒரு கதவு இருந்தது.

நம்பிக்கை பிறந்தது கட்டையால் அன்று. 1807-இன் இறுதியில் அமெரிக்கா தன் துறைமுகங்களிலிருந்து சரக்கு ஏற்றுமதியைத் தடை செய்தது. பஞ்சு விலை ஏறியது. ஓட்டினால் நட்டம்; நிறுத்தினால் இரண்டாயிரம் பேருக்குப் பட்டினி. மற்ற ஆலைகள் ஆட்களை வெளியேற்றின. ஓவன் பொறிகளை நிறுத்தினார், ஆட்களை நிறுத்தவில்லை. பொறிகளைத் துடைத்து எண்ணெயிட்டுப் பழுதின்றி வைத்திருப்பதே வேலை, கூலி முழுக்கூலி. இப்படி நான்கு மாதங்கள். ஏழாயிரம் பவுனுக்கு மேல் செலவாயிற்று. அதன் பிறகே நியூ லானர்க் மக்கள் அவரைத் தம்மவராக ஏற்றனர்.

2020-இல் ஊரடங்கு வந்தபோது முழுக்கூலி தர வேண்டும் என்று மார்ச் 29-இல் மைய அரசு ஆணையிட்டது. மே 18 முதல் அவ்வாணை விலக்கப்பட்டது. கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் மேஸ்திரியாக இருந்த என் தந்தைக்கு அந்த ஏப்ரலில் அரைக்கூலி, அடுத்த மாதம் அதுவும் இல்லை. அந்த ஆலையின் மானேஜர் கெட்டவர் அல்லர். வீட்டு வாசலில் வந்து நின்று, முதலாளிகள் ஒப்பவில்லை என்று தலைகுனிந்து சொல்லிப் போனார். ஓவனைப் படிக்கும்போதெல்லாம் அவர் நினைவு எனக்கு வரும்.

ஏனெனில் ஓவனின் முதலாளிகளும் ஒப்பவில்லை! பள்ளிக்கும் குடியிருப்புக்கும் செலவிடுவதைக் கண்டு கூட்டாளிகள் முணுமுணுத்தனர். ஓவன் பணியவில்லை, கூட்டாளிகளையே மாற்றினார். 1809-இல் ஒருமுறை மாற்றினார். புதியவர்களும் அதே பல்லவியைப் பாடவே 1813-இல் மறுமுறை மாற்றினார். அவ்வாண்டு ஆலை ஏலத்திற்கு வந்தது. பழைய கூட்டாளிகள் அதைக் குறைந்த விலைக்கு எடுக்க எண்ணியிருந்தனர். ஓவனோ ஜெரமி பெந்தாம், வில்லியம் ஆலன் முதலியோரைச் சேர்த்துக்கொண்டு 1,14,100 பவுனுக்கு எடுத்துவிட்டார். மூலதனத்திற்கு நூற்றுக்கு ஐந்து ஆதாயம் போதும், எஞ்சியது தொழிலாளர் நலனுக்கு என்பது புதிய உடன்படிக்கை. அவர் திரும்பியபோது மக்கள் வண்டியின் குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாமே இழுத்துவந்தனர். தொழிலாளியைத் திருத்தப் பாடுபட்டவர் என்று ஓவனைச் சொல்வார்கள். முதலைப் போட்டவர்களைத் திருத்தத்தான் அவர் அதிகம் பாடுபட்டார் என்பேன். மானேஜரின் ஈரம் எவ்வளவு தூரம் பாயும் என்பதை அவர் மனம் மட்டும் முடிவு செய்வதில்லை; ஆதாயத்திற்கு வைத்த வரம்பும் முடிவு செய்கிறது.

1816 சனவரி முதல் நாள் ஊர் நடுவே அவருடைய கல்விக் கழகம் திறக்கப்பட்டது. நடக்கத் தொடங்கிய குழந்தைகளுக்கும் அங்கே இடம். பாட்டும் ஆட்டமும் பாடங்கள். வேலை நேரம் நாளுக்குப் பத்தேமுக்கால் மணியாகக் குறைந்தது. ஆலையும் இலாபம் ஈட்டியது! பார்வையாளர்கள் திரண்டனர், பின்னாளில் ரஷியப் பேரரசரான நிக்கொலசும் வந்தார். வந்தவர்கள் வியந்தனர், ஊர் திரும்பித் தம் ஆலைகளைப் பழையபடியே நடத்தினர். சட்டத்தால் சாதிக்கலாம் என்று ஓவன் பாராளுமன்றத்தை நாடினார். 1819-இல் வந்த சட்டம் பஞ்சாலைகளில் ஒன்பது வயதுக்குக் குறைந்தோரை மட்டும் தடுத்தது. அதையும் பார்வையிட ஆய்வாளர் இல்லை.

புதிய கூட்டாளிகளோடும் பின்னர் பிணக்கு நேர்ந்தது. இம்முறை காசுக்காக அன்று, சமயக் கல்விக்காகவும் ஆடல் பாடலுக்காகவும். 1825-இல் அமெரிக்காவில் நியூ ஹார்மனி என்னும் ஊரை விலைக்கு வாங்கிப் பொதுவுடைமைக் குடியிருப்பு அமைத்தார். இரண்டே ஆண்டுகளில் அது குலைந்தது. செல்வத்தின் பெரும்பகுதி கரைந்தது. கட்டளையிட்டுப் பழகிய கை அது. நியூ லானர்க்கில் அவர் எல்லாம் கொடுத்தார், வாக்கு மட்டும் கொடுத்ததில்லை. தாமே முடிவெடுக்க வந்த மனிதர்களோடு வாழும் கலை அவருக்குக் கைவரவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

1828-இல் நியூ லானர்க்கோடு தொடர்பை முற்றும் அறுத்துக்கொண்டார். பிறகு முப்பது ஆண்டுகள் தொழிற்சங்கம், கூட்டுறவு என்று பேசியும் எழுதியும் அலைந்தார். 1858 நவம்பர் 17-இல், எண்பத்தேழாம் வயதில், பிறந்த நியூடவுனிலேயே கண்மூடினார். நியூ லானர்க் ஆலை 1968 வரை ஓடியது. 2001-இல் அவ்வூர் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. தொழிலாளர் வாழ்ந்த அந்தக் கல்வீடுகளில் இன்றும் குடும்பங்கள் குடியிருக்கின்றன.