கார்ல் வான் லிண்டே

கார்ல் வான் லிண்டே (ஜூன் 11, 1842 – நவம்பர் 16, 1934) ஜெர்மனியைச் சேர்ந்த பொறியியலாளரும் பேராசிரியரும் தொழிலதிபரும் ஆவார். அம்மோனியாவைக் கொண்டு இயங்கும் குளிர்பதன இயந்திரத்தை நம்பகமானதாக ஆக்கியவர் என்றும், காற்றைப் பெருமளவில் நீர்மமாக்கும் முறையை உருவாக்கியவர் என்றும் இவர் அறியப்படுகிறார். குளிர்பதன இயந்திரத்தை முதன்முதலில் கண்டுபிடித்தவர் இவரே எனச் சிலர் எழுதுவது சரியன்று. ஜேக்கப் பெர்க்கின்ஸ் 1834ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றிருந்தார். 1850களில் ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹாரிசன் ஈதரைக் கொண்டு பனிக்கட்டி செய்தார். அவ்வியந்திரங்களின் இதயமாகிய அமுக்கியை, அதாவது கம்ப்ரசரை, வாயு கசியாமலும் பழுதுபடாமலும் ஆண்டுக்கணக்கில் ஓடச் செய்ததே லிண்டேயின் சாதனை.

இளமையும் கல்வியும்

லிண்டே பவேரியாவில் உள்ள பெர்ன்டார்ப் என்னும் சிற்றூரில் லூத்தரன் போதகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். தந்தை தம்மைப் போலவே மகனும் போதகராக வேண்டும் என்று விரும்பினார். மகனோ பொறியியலை நாடினார். 1861இல் சூரிச் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்து, வெப்பவியக்கவியலின் முன்னோடியான ருடால்ப் கிளாசியசிடம் பயின்றார். மாணவர் கிளர்ச்சி ஒன்றில் பங்குகொண்டதால் 1864இல் பட்டம் பெறாமலேயே வெளியேற்றப்பட்டார். ஆசிரியர் பிரான்ஸ் ரூலோவின் உதவியால் கெம்ப்டன் அருகே ஒரு நூற்பாலையில் பயிற்சிப் பணி கிடைத்தது. பின்னர்த் தொடர்வண்டி இயந்திரத் தொழிற்சாலைகளில் பணிபுரிந்த இவர், 1868இல் மியூனிக் தொழில்நுட்பக் கல்லூரியில் ஆசிரியரானார். டீசல் இயந்திரத்தைக் கண்டுபிடித்த ருடால்ப் டீசல் அங்கு இவருடைய மாணவர்.

அமுக்கியின் சிக்கல்

1870, 1871ஆம் ஆண்டுகளில் குளிர்பதனத்தின் கோட்பாடு குறித்து லிண்டே கட்டுரைகள் வெளியிட்டார். அவற்றை முதலில் கவனித்தவர்கள் மதுவடிப்போர். அக்காலத்தில் பியர் நொதிக்கும் நிலவறைகளைக் குளிர்விக்கக் குளிர்காலத்தில் ஏரிகளிலிருந்து வெட்டிய பனிக்கட்டியையே அவர்கள் நம்பியிருந்தனர். குளிர்காலம் மிதமாக அமைந்த ஆண்டுகளில் தொழில் முடங்கியது. மியூனிக்கின் ஸ்பாட்டன் ஆலையின் உரிமையாளர் காப்ரியல் செடல்மயர், புதிய இயந்திரத்தைத் தம் ஆலையில் சோதித்துப் பார்க்க இடமளித்தார். இயந்திரம் ஆக்ஸ்பர்க் தொழிற்சாலையில் வார்க்கப்பட்டது.

மீத்தைல் ஈதரைப் பயன்படுத்திய அம்முதல் இயந்திரம் தோல்வியுற்றது. கணக்கில் பிழையில்லை, குளிரும் கிடைத்தது. ஆனால் உருளைக்குள் முன்னும் பின்னும் செல்லும் உந்துதண்டு வெளியே வரும் துளையில் ஆவியைத் தடுத்து நிறுத்த முடியவில்லை. அவ்விடத்தில் லிண்டே பாதரசத்தை அடைப்பாக வைத்திருந்தார். அது எதிர்பார்த்தபடி பயன்படவில்லை. மீத்தைல் ஈதர் தீப்பற்றக்கூடியது என்பதால் கசிவு வெறும் இழப்பாக மட்டும் முடியாது. பிறர் பணத்தில் கட்டிய இயந்திரம் தோற்றால், கோட்பாட்டை வகுத்த பேராசிரியரின் பெயருக்கே கேடு.

அடுத்த வடிவமைப்பில் லிண்டே இரண்டு மாற்றங்களைச் செய்தார். ஈதருக்குப் பதிலாக அம்மோனியாவையும், பாதரசத்துக்குப் பதிலாகக் கிளிசரினையும் பயன்படுத்தினார். வளிமண்டல அழுத்தத்தில் அம்மோனியா ஏறத்தாழ −33 பாகை செல்சியசில் கொதிக்கும். ஆவியாகும்போது மிகுதியான வெப்பத்தை உறிஞ்சும். அது செம்பையும் பித்தளையையும் அரிப்பதால் குழாய்களும் அடைப்பிதழ்களும் இரும்பால் செய்யப்பட வேண்டியிருந்தது. திரியஸ்தே நகரின் டிரேயர் மதுவாலையில் 1877இல் ஓடத் தொடங்கிய அமுக்கி 1908 வரை உழைத்தது. முப்பதாண்டுகளுக்கும் மேலான இவ்வுழைப்பு இன்றைய அளவுகோலிலும் வியப்புக்குரியது.

நிறுவனமும் நீர்மக் காற்றும்

1879இல் லிண்டே பேராசிரியர் பதவியைத் துறந்து வீஸ்பாடனில் பனிக்கட்டி இயந்திர நிறுவனத்தைத் தொடங்கினார். 1883–84 குளிர்காலத்தில் இயற்கைப் பனிக்கட்டி போதாமற்போனதால் மதுவாலைகள் இவ்வியந்திரங்களை நாடின. 1890க்குள் 747 இயந்திரங்கள் விற்பனையாயின. 1895இல் காற்றை நீர்மமாக்கினார். 1902இல் அதிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்தெடுத்தார். 1897இல் உயர்குடிப் பட்டம் பெற்றார். மியூனிக்கில் தமது 92ஆம் அகவையில் காலமானார். நிறுவனம் பின்னாளில் தொழிலக வாயுக்களில் நிலைபெற்றது. அதன் குளிர்பதனப் பிரிவு 2004இல் கேரியர் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது.

சென்னையும் அமுக்கியும்

லிண்டே பிறந்த அதே 1842இல்தான் சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டப்பட்டது. அமெரிக்க வணிகர் பிரெடரிக் டியூடர் பாஸ்டனிலிருந்து கப்பலில் அனுப்பிய பனிக்கட்டி அங்கே சேமிக்கப்பட்டது. இயந்திரத்தால் பனிக்கட்டி செய்யும் முறை பரவியதும் அவ்வணிகம் ஒழிந்தது. மந்தைவெளிக்கு வடக்கே, காமராசர் சாலையில் உள்ள அக்கட்டடம் இன்று விவேகானந்தர் இல்லம் என வழங்குகிறது.

மந்தைவெளி, மயிலாப்பூர்ப் பகுதிக் கடைகளின் மாடியில் இன்று ஓடும் ஏ.சி. இயந்திரங்களில் பலவற்றில் மின்னோடியும் அமுக்கியும் ஒரே எஃகுக் கூட்டுக்குள் அடைக்கப்பட்டுள்ளன. ஆகவே லிண்டேயை அலைக்கழித்த தண்டின் துளை அவற்றில் இல்லை. ஆயினும் கசிவின் தொல்லை தீரவில்லை. திரும்பிவரும் குளிர்ந்த வாயுவே மின்னோடியையும் குளிர்விப்பதால், குழாயில் கசிந்து வாயு குறைந்தால் சுருணை சூடேறிக் கருகும். கடற்காற்றின் உப்பும் தூசியும் கண்டென்சரின் தகடுகளில் படிந்தால் வெப்பம் வெளியேறாது. அழுத்தமும் மின்னோட்டமும் உயர்ந்து, உயர் அழுத்தப் பாதுகாப்பு விசை இயந்திரத்தை நிறுத்தும். அவ்விசையைத் திரும்பத் திரும்ப அழுத்தி ஓட்டுவது அமுக்கியைக் கொல்லும் வழி. உறிஞ்சு குழாயில் பனி படிந்திருந்தால் வடிகட்டி அடைபட்டிருக்கலாம், வாயு குறைந்திருக்கலாம். வடிகட்டி அடைபட்டு, ஆவியாகாத நீர்மம் அமுக்கிக்குள் புகுந்தால் எண்ணெயைக் கழுவிச் சென்று அடைப்பிதழ்களை உடைக்கும். குறைந்த மின்னழுத்தம், மூன்று முனை மின்சாரத்தில் ஒரு முனை அறுதல், நின்றவுடன் மீண்டும் ஓடத் தொடங்குதல் ஆகியவற்றிலிருந்து காக்க ரிலேக்களும் சில நிமிடத் தாமதக் கருவியும் பொருத்தப்படுகின்றன. சுருணை கருகிய அமுக்கியின் எண்ணெயில் அமிலம் உண்டாகும். குழாய்களைச் சுத்தம் செய்யாமலும் உலர்த்தும் வடிகட்டியை மாற்றாமலும் புதியதைப் பொருத்தினால் அதுவும் விரைவில் கருகிவிடும்.