தீர்ப்புகளைத் தமிழில் தந்த முன்சீப்

தோட்டத்து லயத்துக்கு நீதிமன்றக் கடிதம் ஒன்று வந்துவிட்டால், அதைப் படித்துச் சொல்லக் கிராணியார் வீட்டுக்கு ஓடிய காலத்தைப் பிரிஞ்சாங் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் தொடங்கியது 1929-இல். அதற்கு அறுபத்தேழு ஆண்டுகள் முன்பே, தமிழ்நாட்டில் இதே அவதிக்கு வழி தேடியவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை.

முதல் தமிழ் நாவலான ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தை எழுதியவர் என்றே அவரை நமக்குத் தெரியும். அவர் பார்த்த வேலையோ நீதிமன்றத்தில். 1826-இல் திருச்சிக்கு அருகே குளத்தூரில் பிறந்தார். திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகச் சேர்ந்து, மொழிபெயர்ப்பாளராகி, பிறகு முன்சீப் ஆனார். தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் என்று பல ஊர்களில் நீதி வழங்கினார்.

அன்று சென்னை மாகாணத்து வெளியூர் வழக்குகளுக்கு உச்ச மன்றம் சதர் நீதிமன்றம். அதன் தீர்ப்புகளைக் கீழ் நீதிமன்றங்கள் பின்பற்ற வேண்டும். 1859-இல் உரிமையியல் நடைமுறைச் சட்டமும் வந்தது. வழக்கை எங்கே போடுவது, சம்மனை எப்படிச் சேர்ப்பது, மேல்முறையீட்டுக்கு எத்தனை நாள் என்பதெல்லாம் அதில் அடங்கும். முறை தவறினால், நியாயம் தன் பக்கம் இருந்தும் குடியானவன் நிலத்தை இழப்பான். இந்தச் சட்டமும் தீர்ப்புகளும் ஆங்கிலத்தில் இருந்தால் அவனுக்கு என்ன புரியும்?

1805 முதல் 1861 வரையிலான சதர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் திரட்டித் தமிழில் பெயர்த்தார் பிள்ளை. ‘சித்தாந்த சங்கிரகம்’ என்ற பெயரில் 1862-இல் அது வெளிவந்தது. சென்னை உயர் நீதிமன்றம் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். சட்டச் சொற்களுக்குத் தமிழ் பழகாத காலத்தில் ஐம்பத்தாறு ஆண்டுத் தீர்ப்புகளைப் பெயர்ப்பது லேசான வேலையா?

அந்த ஆதங்கம் 1879-இல் வந்த நாவலிலும் விடவில்லை. கட்சிக்காரரும் தமிழர், நீதிபதியும் தமிழர், வழக்கறிஞரும் தமிழர்; வாதம் மட்டும் ஆங்கிலத்தில் ஏன் என்று கதையை நிறுத்திவைத்தே கேட்கிறார். கதையோட்டத்துக்கு அது இடைஞ்சல்தான். ஆனால் நாவலில் நெஞ்சில் நிற்கும் பகுதிகளில் அதுவும் ஒன்று.

1876-இல் தொடங்கிய தாது வருடப் பஞ்சத்தில் சொந்தப் பணத்தைச் செலவிட்டு ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றினார். கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து பாடினார். மாயூரம் நகரசபைத் தலைவராகவும் இருந்தார்.

1889 ஜூலை 21-இல் காலமானார். நாவல் இன்றும் கடைகளில் கிடைக்கிறது. ‘சித்தாந்த சங்கிரக’த்தின் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் சிலரே.