மதிலுக்குள் ஓர் ஊழியர்

பெரியோர் வரலாறுகளைப் படிக்கப் புகுவார் பெரும்பாலும் அவர்தம் வெற்றிகளையே தேடிச் செல்வர். போர்க்களத்து வாகையும், அரங்கிலே பெற்ற மாலையும், அவையிலே எய்திய பட்டமும் கண்ணைக் கவர்வன. அவற்றை எழுதுதலும் எளிது. விடியுமுன் எழுந்து நீர் சுமத்தலும், பிறர் பிள்ளைகளுக்குக் கணக்குக் கற்பித்தலும், குப்பை அள்ளுதலும் வரலாற்றில் இடம்பெறுதல் அரிது. ஆயினும், விடுமுறை நாட்களில் கிறிஸ்தவ முகாம்களுக்குச் சென்று பணிபுரிந்த மாணவர் ஓருண்மையை நன்கறிவர். முகாம் நடைபெறுவது பிரசங்கியார் ஒருவரால் மட்டுமன்று. அடுப்பு மூட்டுவாரும், பாத்திரம் துலக்குவாரும், சண்டையிடும் சிறுவரை விலக்குவாரும் இல்லையேல் முகாம் மூன்று நாளும் நில்லாது. அத்தகைய பணியே தம் வாழ்வின் முடிவாகவும் முடியாகவும் அமையப்பெற்ற ஒருவரைக் குறித்து ஈண்டுச் சில கூற விழைகின்றோம். அவர் எரிக் லிட்டெல் என்பார். ஓட்ட வீரர் என்றே உலகம் அவரை அறியும். யாமோ அவரை முகாம் ஊழியர் என்றே காட்ட எண்ணினோம்.

எரிக் லிட்டெல் 1902ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் சீன நாட்டு டியென்ட்சின் நகரிலே பிறந்தார். அவருடைய பெற்றோர் ஸ்காத்லாந்து நாட்டினர். இலண்டன் மிஷனரி சங்கத்தின் ஊழியர். நாகர்கோயிலைச் சூழ்ந்த பகுதிகளிலே பள்ளியும் ஆலயமும் எழுப்பிய அதே சங்கமே அது. மிஷனரிமார் தம் மக்களை ஐந்தாறு வயதிலேயே தாய்நாட்டு விடுதிப் பள்ளிகளுக்கு அனுப்பிவிடுதல் அக்கால வழக்கம். அவ்வாறே எரிக்கும் தம் தமையனாரோடு இங்கிலாந்திலே மிஷனரிகளின் மைந்தர்க்கென அமைந்த பள்ளியில் ஆறாம் வயதிலே விடப்பட்டார். பெற்றோரைப் பல ஆண்டுகட்கு ஒருமுறையே காணுதல் அவருக்கு வாய்த்தது. இச்செய்தியை நாம் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். பின்னர் நிகழ்ந்தவற்றை அறிதற்கு இஃது ஒரு திறவுகோல்.

எடின்பரோ சர்வகலாசாலையிலே விஞ்ஞானம் பயின்ற காலத்தில் அவர் ரக்பி ஆட்டத்திலே ஸ்காத்லாந்தின் சார்பாக ஏழு முறை ஆடினார். ஓட்டத்திலே அவருக்கு நிகர் அந்நாட்டில் இல்லை. 1924ஆம் ஆண்டு பாரிஸ் நகரத்து ஒலிம்பிக் பந்தயங்களிலே 100 மீட்டர் ஓட்டத்தின் தொடக்கச் சுற்றுக்கள் ஞாயிற்றுக்கிழமையில் அமைந்தன. ஓய்வுநாளில் ஓடுதல் தமக்குத் தகாது என்று அவர் மறுத்தார். ஞாயிறு என்ற காரணத்தால் இரண்டு தொடரோட்டங்களையும் கைவிட்டார். கப்பலேறும் வேளையில் அவர் இச்செய்தியை அறிந்ததாக 1981ஆம் ஆண்டில் வெளிவந்த திரைப்படம் காட்டும். உண்மையில் அவர் பன்மாதங்கட்கு முன்னரே அறிந்திருந்தார். ஆதலின் அம்மறுப்பு ஒரு நொடியிலே பிறந்த உணர்ச்சியன்று. நாளும் ஏளனத்தைத் தாங்கி நின்ற உறுதி. பின்னர் 200 மீட்டரில் மூன்றாம் இடமும், தமக்குப் பழக்கம் குறைந்த 400 மீட்டரில் 47.6 வினாடியிலே முதலிடமும் பெற்றார். அஃது அந்நாளில் உலகச் சாதனை.

வெற்றிக்குப் பின் அவர்முன் திறந்திருந்த வாயில்கள் பல. அவற்றையெல்லாம் விடுத்து 1925ஆம் ஆண்டிலே சீனத்திற்குத் திரும்பினார். டியென்ட்சின் நகரத்து ஆங்கில-சீனக் கலாசாலையிலே விஞ்ஞானமும் விளையாட்டும் கற்பித்தார். 1932இல் குருப்பட்டம் பெற்றார். 1934இல் கனடா நாட்டு மிஷனரிக் குடும்பத்தைச் சார்ந்த பிளாரன்ஸ் மக்கென்சி அம்மையாரை மணந்தார். 1937இல் ஜப்பானியப் படையெடுப்பால் நாடு எரிந்துகொண்டிருக்க, நகர வாழ்வை விட்டுச் சியாவ்சாங் என்னும் நாட்டுப்புறத்து மிஷன் நிலையத்திற்குச் சென்றார். அங்கே காயமுற்றாரை வண்டியிலேற்றி, படைகள் திரியும் வழியூடே மருத்துவமனைக்குக் கொணர்ந்ததும் உண்டு.

1941ஆம் ஆண்டிலே நிலைமை முற்றியது. கருவுற்றிருந்த மனைவியாரையும் இரு பெண்மக்களையும் கனடாவுக்கு அனுப்பிவிட்டுத் தாம் மட்டும் தங்கினார். அவ்வாண்டு செப்டம்பரில் டொராண்டோவில் பிறந்த மூன்றாம் மகளை அவர் கண்ணாற் கண்டதே இல்லை. இவ்விடத்தில் எம் எழுதுகோல் சற்றுத் தயங்குகின்றது. தந்தை ஒருவர் தம் மக்களைப் பிரிந்து பிறர்க்காக நிற்றல் முறையோ என்று வினவுவார் உளராயின் அவ்வினா நேரியதே. அதற்கு விடையைச் சொற்களில் தேடாது, அவர் அடுத்து வாழ்ந்த நாட்களிலே தேடுதல் தகும் என்பது எம் கருத்து.

1943ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் ஜப்பானியர் அவரை ஏனைய அயல்நாட்டினரோடு ஷாண்டுங் மாகாணத்து வெய்ஷியென் முகாமிலே அடைத்தனர். அவ்விடம் முன்னர் அமெரிக்கப் பிரஸ்பிட்டேரியன் மிஷனின் வளாகமாய் இருந்தது. பள்ளியும் மருத்துவமனையும் ஆலயமும் ஆங்கிருந்தன. சீனர் அதனை இன்ப வழியின் முற்றம் என்னும் பொருள்படும் பெயரால் வழங்கினர். அம்முற்றத்திலே இப்பொழுது மதிலும், மின்னேற்றிய கம்பியும், காவற் கோபுரங்களும் சூழ, ஏறத்தாழ 1,500 பேர் நெருக்குண்டு வாழ்ந்தனர். வணிகரும் வங்கியாளரும், குருமாரும் கன்னியரும், இசைவாணரும் கள்ளுண்பாரும் ஒரே வரிசையில் நின்று ஒரே அகப்பையின் கஞ்சியை வாங்கினர்.

முகாமின் அகத்து ஆட்சியைக் கைதிகளே குழுக்கள் அமைத்து நடத்தினர். உணவுக்கு ஒரு குழு, உறைவிடத்திற்கு ஒன்று, கல்விக்கு ஒன்று, வேலைப் பங்கீட்டிற்கு ஒன்று என்றிவ்வாறு அமைந்தன. உடல்வலியுடையார் யாவரும் ஏதேனும் ஒரு பணி செய்தே ஆகவேண்டும். கைப்பம்பினால் நீரேற்ற வேண்டும். நிலக்கரித் தூளைக் களிமண்ணோடு பிசைந்து உருண்டை பிடிக்க வேண்டும். நிரம்பி வழியும் கழிப்பிடங்களைத் தூய்மை செய்ய வேண்டும். முகாமின் உண்மையான பள்ளிக்கூடம் இதுவே. வெளியுலகிலே நற்பெயர் பெற்றார் சிலர் ஈண்டு ஓரடி இடத்திற்காக அண்டை வீட்டாரோடு வாதிட்டனர். குறுகிய இடமும் குறைந்த உணவும் மனிதரின் உள்ளத்தை வெளிக்கொணரும் உரைகற்கள் அல்லவா?

லிட்டெலின் நாள் வைகறையிலே தொடங்கும். உடனுறைவார் உறங்கிக்கொண்டிருக்க, நிலக்கடலை எண்ணெய் விளக்கை ஏற்றி, நண்பர் ஒருவரோடு அமர்ந்து வேதம் வாசித்து ஜெபிப்பார். பின்னர் வேலை. பள்ளியிலே கணிதமும் விஞ்ஞானமும் கற்பித்தார். ஆய்வுகூடம் இல்லை, குடுவையும் இல்லை, குழாயும் இல்லை. ஆதலின் இரசாயனக் கருவிகளை ஒவ்வொன்றாகக் கையால் வரைந்து, மாணவர் அவற்றைக் கண்ணாற் கண்டதுபோல் உணருமாறு செய்தார். இளைஞர் விளையாட்டுக்கள் அவர் பொறுப்பு. ஒடிந்த ஹாக்கி மட்டைகளைத் துணியைக் கிழித்துக் கட்டிச் செப்பனிட்டார். தமக்குரிய விடுதிப் பகுதிகளிலே தலைக்கணக்கு எடுத்தார். இவையன்றி, முதியோர்க்கும் பிணியாளர்க்கும் நீரும் கரியும் சுமந்தார். ஊரார் ஒதுக்கிய பெண் ஒருத்தியின் அறையிலே அவள் பொருட்கள் வைத்தற்குப் பலகை அடித்துக் கொடுத்தார். கைம்மாறு கருதாது தனக்கு உதவிய முதல் ஆடவர் அவரே என்று அப்பெண் பின்னர் உரைத்தாள். ஒலிம்பிக் அரங்கிலே பெற்ற பொற்பதக்கத்தினும் இச்சான்று உயர்ந்ததன்றோ?

சீபூ நகரத்து மிஷன் பள்ளியின் மாணவரும் ஆசிரியரும் 1943ஆம் ஆண்டு செப்டம்பரிலே இம்முகாமிற்குக் கொண்டுவரப்பட்டனர். அவருட் பல சிறுவர், பெற்றோர் சீனத்தின் தொலைவிடங்களில் இருக்கத் தாம் தனித்து நின்றவர். அவர்களுக்கு லிட்டெல் எரிக் மாமா ஆனார். ஆறாம் வயதிலே விடுதி வாயிலில் நின்ற சிறுவன் வளர்ந்து, அதே நிலையிலுள்ள சிறுவர்க்குத் துணையானான் என்றே யாம் கருதுகின்றோம். தம் மக்களுக்குச் செய்ய இயலாததை அவர் கண்முன் நின்ற மக்களுக்குச் செய்தார். முன் எழுந்த வினாவுக்கு இது முழு விடையாகுமோ அறியோம். அவர் தந்த விடை இதுவே.

ஈண்டு ஒரு நிகழ்ச்சி நம் சிந்தைக்கு உரியது. முகாமிலும் ஞாயிற்றுக்கிழமையில் ஆட்டம் நடத்துவதில்லை என்பது அவர் கொள்கை. சலிப்புற்ற இளைஞர் சிலர் ஒரு ஞாயிறன்று தாமே ஹாக்கி ஆடத் தொடங்கினர். நடுவர் இன்மையால் ஆட்டம் கைகலப்பாய் முடிந்தது. அடுத்த ஞாயிறன்று ஆடுகளத்திலே நடுவராய் வந்து நின்றவர் லிட்டெலே. பாரிஸ் நகரிலே உலகமே அழைத்தும் அசையாதவர், சில சிறுவரின் சண்டையைத் தடுக்கத் தம் கொள்கையைத் தளர்த்தினார். இஃது உறுதி குலைந்ததாகுமோ? ஆகாது. முன்னர் அவர் விட்டுக்கொடுக்க மறுத்தது தமக்கு வரும் புகழுக்காக. பின்னர் விட்டுக்கொடுத்தது பிறருக்கு வரும் நன்மைக்காக. தமக்கென்று நெகிழாத நெஞ்சம் பிறர்க்கென்று நெகிழுமாயின், அந்நெகிழ்ச்சியும் அவ்வுறுதியும் ஒரே வேரினின்று கிளைத்தனவே. கொள்கையுடையார் பலர், கொள்கை யாருக்காக என்பதை மறவாதார் சிலர்.

வேதாகம வகுப்பிலே அவர் மலைப்பிரசங்கத்தை விளக்குவார்; பகைவரை நேசித்தலைக் குறித்துப் பேசுங்கால், தம்மைக் காவல் செய்த ஜப்பானியருக்காகவும் ஜெபிக்க இளைஞரைத் தூண்டினார். அவ்வகுப்பிலிருந்த இளைஞர் ஒருவருக்குக் காலணி தேய்ந்துபோயிற்று. கடுங்குளிர் காலம். லிட்டெல் தம் பழைய ஓட்டக் காலணிகளை அவருக்கு ஈந்தார். அவ்விளைஞர் போர் முடிந்தபின், 1952ஆம் ஆண்டில், ஜப்பான் நாட்டிற்கே மிஷனரியாய்ச் சென்று பல்லாண்டுகள் தொண்டாற்றினார்.

காலணி ஈந்த சில வாரங்களுக்குள் லிட்டெலின் உடல் தளர்ந்தது. தலைவலி மிகுந்தது, நடையும் தடுமாறியது. உழைப்பாலும் பிரிவாலும் நேர்ந்த நரம்புத் தளர்ச்சி என்றே மருத்துவர் எண்ணினர். ஒரு ஞாயிறன்று இரட்சணிய சேனையின் வாத்தியக் குழுவினர் மருத்துவமனைக்கு வெளியே நின்று அவர் விரும்பிய கீர்த்தனையை வாசித்தனர். 1945ஆம் ஆண்டு பெப்ருவரி 21ஆம் நாள் மனைவியாருக்கு ஒரு சிறு மடல் எழுதினார். தாம் தேறி வருவதாகவே அதிற் கண்டிருந்தது. அன்று மாலையே உயிர் நீத்தார். வயது 43. இறந்த பின்னரே மூளையிலே கட்டி இருந்தமை புலப்பட்டது. பள்ளிப் பிள்ளைகள் அணிவகுத்து நிற்க, அவர் உடல் முகாமினுள்ளேயே அடக்கம் செய்யப்பட்டது. மரச்சிலுவையிலே அவர் பெயரைக் காலணி மையினால் எழுதினர். வேறு மை கிட்டவில்லை.

அவர் மறைந்து ஆறு மாதமும் நிறையுமுன், ஆகஸ்டு 17ஆம் நாள், அமெரிக்கப் படைக்குழுவினர் எழுவர் வானிலிருந்து குதித்து முகாமை விடுவித்தனர். மனைவியாருக்கோ இறப்புச் செய்தி மே மாதத்திலேதான் எட்டியிருந்தது. 1991ஆம் ஆண்டில் எடின்பரோ சர்வகலாசாலையார் ஸ்காத்லாந்தின் மல் தீவிலிருந்து கருங்கல் கொணர்ந்து, இன்று வெய்பாங் எனப்படும் அவ்வூரிலே அவருக்கு நினைவுக்கல் நாட்டினர்.

அன்பர்காள்! பாரிஸ் நகரத்து ஓட்டம் 47.6 வினாடியில் முடிந்தது. வெய்ஷியென் முகாமின் ஓட்டம் இரண்டாண்டுக்குச் சற்றுக் குறைய நீடித்தது. முன்னதைப் பல்லாயிரவர் கண்டு ஆரவாரித்தனர். பின்னதைச் சில நூறு பேர், அதுவும் பசித்தவரும் களைத்தவரும், கண்டனர். எனினும் முன்னதில் அவர் ஓடியது 400 மீட்டரே. பின்னதில் ஓடியது பிறர் துன்பத்தின் நீளம் முழுவதும். கற்றுத் தேர்ந்து வெளியேறும் நம்மவர்க்கு அரங்கமும் ஆரவாரமும் கிட்டுதல் அரிது. நீர்க்குடமும், செப்பனிடவேண்டிய மட்டையும், தனித்து நிற்கும் சிறுவனும் நாம் செல்லுமிடந்தோறும் உண்டு. அவற்றின் அருகே நாம் நின்றோமா, கடந்து சென்றோமா என்பதே நம் வரலாறாக எஞ்சும்.