மந்தியைப் படம்பிடித்த மாதவையா மகன்

யானையைப் படம்பிடிப்பதைவிடக் குரங்கைப் படம்பிடிப்பது கடினம் என்றால் நம்புவோர் சிலரே. கோயில் வாசலில் தேங்காய்த் துண்டுக்குக் கைநீட்டும் குரங்கை எவரும் படமெடுத்துவிடலாம். காட்டு மரத்தின் உச்சியிலே, மனிதனைக் கண்டதும் இலைக்குள் மறையும் மந்தியின் கதை வேறு. அதன் பின்னே வானம் கண்ணைக் கூசச் செய்யும். அதன் உடலோ இருள். வானத்துக்கேற்ப ஒளியை அளந்தால் மந்தி வெறும் நிழலாகிவிடும். மந்திக்கேற்ப அளந்தால் இலைகள் யாவும் வெளிறிப்போகும். ஒளி போதாதென்று கமராவின் கண்ணைச் சற்றுக் கூடுதலாகத் திறந்துவைத்தால், காற்றிலாடும் கிளை படத்தைக் கலைத்துவிடும். இத்தொல்லைகளையெல்லாம் விரும்பி ஏற்று, தென்னிந்தியக் காடுகளில் நெடுங்காலம் அலைந்த தமிழர் ஒருவர் இருந்தார். அவர் மா. கிருஷ்ணன்.

தமிழ் நாவலின் தொடக்க வரலாற்றைப் படித்த நம் நாட்டு அன்பர்கள் அவருடைய தந்தையை அறிவர். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவே அவர். 1925ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகப் பேரவையில் தமிழ்க் கல்விக்காக வாதாடி நின்ற வேளையிலேயே மாதவையாவின் உயிர் பிரிந்தது. 1912இல் பிறந்த கடைக்குட்டியான கிருஷ்ணனுக்கு அப்போது வயது பதின்மூன்று.

மாநிலக் கல்லூரியில் தாவரவியலறிஞர் பைசனிடம் பயின்றமை அவருடைய வாழ்வுக்கே திசைகாட்டியது. விலங்கை நோக்குமுன் அது உண்ணும் மரத்தை நோக்கும் பழக்கம் அங்கே பிறந்ததென்பது என் துணிபு. பின்னர் சட்டமும் படித்தார். ஆயினும் கறுப்பு அங்கி அவருக்கு ஒத்துவரவில்லை. 1942இல் சந்தூர் சமஸ்தானத்தில் பணியேற்று, ஆசிரியராகவும் நீதிபதியாகவும் மன்னரின் செயலாளராகவும் இருந்தார். இடையிடையே புறா வளர்த்தார், ஆடும் மேய்த்தார். நாடு விடுதலையடைந்து சமஸ்தானம் மறைந்தபின் சென்னைக்குத் திரும்பியவர், எழுத்தையும் படத்தையும் நம்பியே வாழ்ந்தார். கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950இல் தொடங்கிய அவரது இயற்கைப் பத்தி நாற்பத்தாறு ஆண்டுகள் நின்றதில்லை.

அவருடைய கமராவோ கடையில் வாங்கியதன்று. ஒன்றின் உடலையும் வேறொன்றின் வில்லையையும் பொருத்தித் தாமே உருவாக்கிய பெருங்கருவி. அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கைப் பெயரும் சூட்டியிருந்தார். வண்ணப்படச் சுருள் எங்கும் மலிந்த பின்னரும் கறுப்பு வெள்ளையை அவர் விட்டாரில்லை. இதனைப் பிடிவாதம் என்பாருமுண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. நீலகிரிக் கருமந்தியின் மேனியும் சோலைக்காட்டு நிழலும் ஒன்றோடொன்று கலக்குமிடத்தில், இருளுக்கும் இருளுக்கும் உள்ள வேற்றுமையைக் காட்டவல்லது அந்தப் பழைய முறையே.

1959 முதல் 1970 வரை தீபகற்ப இந்தியாவின் பெரிய பாலூட்டிகளை அவர் ஆராய்ந்தார். 1968இல் கிடைத்த நேரு ஆய்வு நல்கை அதற்குத் துணைநின்றது. 1975இல் அந்த ஆய்வு நூலாயிற்று. யானையோடும் காட்டெருதோடும் குரங்கினங்களும் அதில் இடம்பெற்றன.

பெரியநீலாவணையில் வாழும் எனக்கு இப்பகுதியில் தனி ஈடுபாடு உண்டு. எங்கள் ஊர் கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்டது. வயல்களைக் கடந்து மேற்கே கல்லோயாக் காடுகளை அடைந்தால் சாம்பல்மந்திகளைக் காணலாம். தமிழகத்துக் காடுகளில் கிருஷ்ணன் கண்ட மந்தியும் அதே இனந்தான். அங்குள்ள வெள்ளைக் குரங்கும் நம் தீவுக்கே உரிய செங்குரங்கும் நெருங்கிய உறவின. இரண்டுக்கும் தலைமயிர் வட்டத் தொப்பிபோல அமைந்திருக்கும். நீலகிரிக் கருமந்திக்கும் இங்கே ஊதாமுக மந்தி என்ற உறவுண்டு. சிங்கவால் குரங்குக்கு மட்டும் இக்கரையில் அத்தனை நெருங்கிய உறவில்லை.

அந்தக் கருமந்தியின் விதி கொடியது. அதன் இறைச்சியும் குருதியும் மருந்தென்று நம்பி, இலேகியம் கிண்டுவோர் தலைமுறை தலைமுறையாக அதனைச் சுட்டுக் கொன்றனர். துப்பாக்கிச் சத்தம் கேட்ட காட்டில் மந்தி மனிதனை நெருங்கவிடுமா? அங்கே படம்பிடிக்கச் சென்றவர், வேடன் விதைத்த அச்சத்தையும் சேர்த்தே வெல்ல வேண்டியிருந்தது. 1972இல் இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பின்னரே அந்த வேட்டைக்குத் தடை உறுதியாயிற்று.

அரசு அவருக்கு 1970இல் பத்மஸ்ரீ விருதளித்தது. முன்கோபக்காரர் என்ற பெயரும் அவருக்கிருந்தது. அயல்நாட்டு மரங்களை நட்டு ஊரை அழகுபடுத்துவோரிடம் அது நன்றாகவே வெளிப்பட்டது. 1996 பெப்ரவரி 18ஆம் நாள் அவர் மறைந்தார். அவருடைய கடைசிப் பத்தி அச்சில் வந்ததும் அன்றே. 'கதிரேசன் செட்டியாரின் காதல்' என்ற துப்பறியும் நாவலும் அவ்வாண்டிலேயே வெளிவந்தது. காட்டில் திரிந்தவர் தமிழில் துப்பறியும் கதை எழுதினார் என்பது பலருக்கு வியப்பாகலாம்! அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் தொகுத்து 'மழைக்காலமும் குயிலோசையும்' என 2002இல் நூலாக்கினார். நிழற்படங்களுக்குத் தனி நூல் 2006இல் வந்தது. அதனைத் திறந்தால் அங்கேயும் கறுப்பும் வெள்ளையுந்தான்.